வெளிப்பக்கம் போட்ட நட்டுகள்

நான் லொறியோடு தம்புள்ளைச் சந்தைக்குப் போகிற நாட்களில் என் மனைவி நித்திரை கொள்வதில்லை. இதை அவள் ஒரு முறைப்பாடாகச் சொன்னதே கிடையாது. நான் திரும்பி வந்து படலையடியில் லொறியை நிற்பாட்டும்போது அவளுக்குக் கண் இரண்டும் சிவந்திருக்கும். என்ன கேட்டாலும் எரிந்து விழுவாள். நான் வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிப்பதற்குள் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிவிடுவாள். பிள்ளைகள் படிப்பு, வேலை என்று வெளியூரில். உருத்திரபுரத்தில், வயலைப் பார்த்தபடி இருக்கிற வீட்டில் அவள் ஒருத்திதான். சுற்றுவட்டாரத்தில் கள்ளரும் கூடிப்போனார்கள். கிணற்று மோட்டரைக் கழற்றுகிறார்கள், காஸ் சிலிண்டரைத் தூக்குகிறார்கள், ஆண் துணையில்லாத வீடு எது என்று பார்த்தும் வைத்திருக்கிறார்கள்.

அவளை எப்படியாவது நித்திரை கொள்ள வைக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். எனக்கு அது ஒரு வேலையாகவும் ஆகிவிட்டது. எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ரோட்டில் நிற்கும்போது வீடு ஞாபகம், வீட்டுக்கு வந்தால் ரோட்டு ஞாபகம். கதிரையில் இருந்தால் எழும்பி எதையாவது துளைப்பேன், திருகுவேன், பூசுவேன். மேசன், தச்சன், வயறிங்காரன் எல்லாம் நானே. சிக்கனம் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்வேன். ஆனால் ஓர் ஆளைக் கூப்பிட்டுவிட்டு அவன் வரும்வரை காத்திருக்க என்னால் முடியாது என்பதுதான் உண்மை.

முதலில் ரோட்டு வேலையில் மிஞ்சிய சல்லிக்கல்லைக் கொண்டுவந்து வீட்டைச் சுற்றிப் பரவினேன். யாராவது நடந்தால் சரசரக்க வேண்டும் என்பது திட்டம். சரசரக்கத்தான் செய்தது. பக்கத்து வளவுக் கோழி வந்தாலும் சரசரத்தது, உடும்பு வந்தாலும் சரசரத்தது. ஒவ்வொரு சரசரப்புக்கும் அவள் எழும்பி இருந்தாள். பிறகு கிளிநொச்சியில் நடைபாதைக் கடையொன்றில் ஆள் அசைந்தால் எரியும் சோலர் லைற் வாங்கிப் பூட்டினேன். அது ஊர் நாய்களுக்கெல்லாம் வெளிச்சம் காட்டியது. அடுத்ததாக, உள்ளே ஒன்றுமில்லாத, சிவப்புப் பொட்டு மட்டும் மின்னுகிற பொய்க் கமெரா. நான் போகும்போது என்னுடைய பெரிய செருப்பு ஒரு சோடியை வாசலில் விட்டுவிட்டுப் போவேன். கொடியில் என் சேட் ஒன்று தொங்கும். யன்னலுக்குக் கீழே முள்ளுக்காகத் தேசி எலுமிச்சைக் கன்று நட்டேன்.

அவள் ஒருநாள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இதுகளைப் பாத்தா எனக்கே பயமாக்கிடக்கு. இஞ்ச எடுக்கிறதுக்கு ஏதோ கிடக்கெண்டு கள்ளனுக்கு நோட்டீஸ் ஒட்டின மாதிரியெல்லோ செய்து வைச்சிருக்கிறியள்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்லுறீர்?"

"யன்னல் கிறிலைச் சுவரோட வைச்சுச் சீமெந்து போட்டு இறுக்கி விடுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம். கையால பிடிச்சா அது ஆடுது. எனக்கு அதுதான் பயம்."

அவள் கேட்டது அது ஒன்றைத்தான். அதை மட்டும் நான் செய்யவில்லை. பார்ப்போம், மழை முடியட்டும், வெல்டிங் கடையில் ஆளில்லை என்று ஏதாவது சொல்லிச் சமாளித்தேன்.

காரணம் இதுதான். சண்டைக் காலத்தில் இந்த வீட்டை விட்டு, அதாவது இதே வளவில் முன்பு இருந்த வீட்டை விட்டுப் போகும்போது, அப்பாவும் நானும் கதவு யன்னல்களைக் கழற்ற நின்றோம். ஊரே அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தது. கூரை ஓட்டிலிருந்து கதவு நிலைவரை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய், போகிற இடத்தில் நாலு தடி நட்டு அதிலே பூட்டினால் அது வீடு. எங்கள் யன்னல்கள் சீமெந்தில் புதைத்தவை. அலவாங்கு போட்டு நெம்பியும் வரவில்லை. ஒன்றைச் சுவரோடு உடைத்து எடுத்தோம். மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டுப் போனோம். அப்பா பெட்டியில் ஏறி இருந்துகொண்டு அந்த யன்னல்களையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அதனால் இந்த வீட்டைக் கட்டியபோது கிறில், கதவு, கூரைத் தகரம் எல்லாவற்றையும் நட்டு, போல்ட் போட்டுத்தான் பூட்டினேன். ஒரு ஸ்பானர் இருந்தால் போதும். அதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருந்தேன். நட்டுகளை வெளிப்பக்கம் வைத்தேன். உழவு இயந்திரத்தை யன்னலோடு அணைத்து நிற்பாட்டினால் பெட்டியில் நின்றபடியே கழற்றிக் கழற்றி அடுக்கலாம். ஒரு முறை போய்ப் பழகியவனுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். துருப்பிடிக்கக் கூடாதென்று ஒவ்வொரு பயணம் முடிந்து வந்ததும் கிறீஸ் வேறு பூசுவேன்.

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கோயில் பொங்கலுக்கு நாங்கள் இருவரும் போன நாளில்தான் அது நடந்தது. பொழுது சாய முன்னரே வந்துவிட்டோம். முன்கதவில் போட்ட ஆமைப்பூட்டு அப்படியே தொங்கியது. அவள் திறந்து உள்ளே போனாள். பின்னால் போனால் அறை வெளிச்சமாக இருக்கிறது. யன்னல் இருந்த இடத்தில் வயல் தெரிகிறது.

கிறிலைக் கழற்றிச் சுவரில் ஒரு கீறல் விழாமல் சாய்த்து வைத்திருந்தான் கள்ளன். நட்டுகளைப் பொறுக்கி யன்னல் கட்டின் மேல் வரிசையாக அடுக்கியிருந்தான். நானே கழற்றியிருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன். தேசிக்கன்றை மிதிக்கக்கூட இல்லை. அவளுடைய தையல் மெசின் போய்விட்டது. காஸ் சிலிண்டர் போய்விட்டது. போகிற போக்கில் பொய்க் கமெராவையும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

பக்கத்து வளவு அண்ணை ஓடி வந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், வயல் செய்கிறவர். யன்னலடியில் குனிந்து நட்டு ஒன்றை எடுத்து விரலால் தடவினார். கிறீஸ் ஒட்டியது.

"என்ன தம்பி, நட்டை வெளியிலயோ போட்டனீர்?" என்றார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவரும் அந்தக் காலத்தில் கதவு சுமந்தவர். குரல் தானாகத் தணிந்தது. "கழட்டிக்கொண்டு போறதுக்கே?"

மெல்லத்தான் கேட்டார். ஆனால் என் மனைவி யன்னலுக்கு உள்பக்கம், ஓர் அடி தூரத்தில் நின்றாள்.

அவர் போனபிறகு அவள் விளக்குமாற்றை எடுத்தாள். குசினிக்குள் போனாள், வந்தாள். மெசின் இருந்த இடத்தைக் கூட்டினாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"மெசின் வாங்கலாம்" என்றேன்.

"மெசினை விடுங்கோ. இவ்வளவு நாளும் நான் உதுக்குள்ள படுக்கிறன். நீங்கள் போறதுக்கு ஆயத்தம் பண்ணித்தான் வைச்சிருக்கிறியள் என்ன?"

"திரும்ப ஏதும் நடந்தால் எண்டுதான்..."

"நடந்தால் விட்டிட்டுப் போவம். எங்கட அம்மா அப்பா கலவரத்தில மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில இருந்து ஓடி வரேக்க எதைக் கழட்டினவை? லயத்துக் கதவு தோட்டத்துக்குச் சொந்தம். வந்த இடத்திலயும் கொட்டில்தான். என்ர சீவியத்தில என்ர எண்டு சொல்லிச் சுவர் இப்பத்தான் கிடைச்சது. அதையும் நீங்கள் நட்டுப் போட்டு வைச்சிருக்கிறியள்."

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டு யன்னல் போன கதை இவளுக்கு என்ன தெரியும் என்று கத்தவும் வாயெடுத்தேன். ஆனால் அவளுக்கு எதுவுமே இருந்ததில்லை என்று இத்தனை வருடம் அவளோடு வாழ்ந்தும் நான் யோசித்துப் பார்க்கவில்லை.

"சீமெந்து போட்டால் நான் இருப்பன். இல்லாட்டி பூவரசங்குளத்தில தங்கச்சி வீட்ட போறன். நீங்கள் லொறிக்குள்ளயே குடியிருங்கோ. அதுதானே உங்களுக்கும் விருப்பம்." பகிடி மாதிரிச் சொன்னாலும் பகிடி இல்லை. பையை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கிக் கட்டிலில் வைத்திருந்தாள்.

மறுநாள் கிறில்களை எல்லாம் லொறியில் ஏற்றிக்கொண்டு போய், வெல்டிங் கடையில் ஒவ்வொரு பக்கமும் சுவருக்குள் புதைக்க இரும்புக் கால் வைத்து ஒட்டுவித்தேன். மிச்ச வேலை என்னுடையது. சுவரைக் கொத்தினேன். துளைகளில் தண்ணீர் அடித்தேன். கால்களைச் செருகி, மட்டம் பார்த்து, கலவையைக் குத்திக் குத்தி நிரப்பினேன். அவள் மணல் அரித்துத் தந்தாள். ஒவ்வொரு யன்னலாக மூட மூட எனக்கு மூச்சு முட்டுவது போல இருந்தது. வேலை செய்யும்போது எனக்கு அப்படி வந்ததே இல்லை.

"நெருப்புக் கிருப்புப் பிடிச்சால் எப்பிடி வெளியில வாறது?" என்று கேட்டேன்.

"வாசல் ரெண்டு கிடக்கு."

"வாசல் திறக்கேலாமல் போனால்?"

"வேலையைப் பாத்துப் பூசுங்கோ. கலவை விழுது."

குசினி யன்னலை மட்டும் பழையபடி போல்டில் விட்டுவிடலாம் என்று ஒரு நப்பாசை. கலவை முடிந்துவிட்டது, அதைப் பிறகு பார்ப்போம் என்றேன். அவள் சீமெந்துப் பையின் வாயைப் பிரித்து எனக்குக் காட்டினாள். பாதிப் பை இருந்தது. அதையும் பூசினேன். சீமெந்து இறுகும்வரை நாள்தோறும் அவளே தண்ணீர் தெளித்தாள். பிறகு ஒருநாள் ஒவ்வொரு கிறிலிலும் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தாள். பூவரசங்குளத்துக்கென்று எடுத்து வைத்த உடுப்புகளைத் திரும்ப அலுமாரியில் அடுக்கினாள்.

அதற்குப் பிறகு முதல் தடவையாகத் தம்புள்ளைக்குப் போனேன். ஓமந்தை தாண்டும்போதே லொறியைத் திருப்பலாமா என்றிருந்தது. அவள் தனியே இருப்பது பழைய பயம். இது புதிது. ஏதாவது நடந்தால் அவள் எப்படி வெளியே வருவாள்? நானே அடைத்துப் பூசிவிட்டு வந்திருக்கிறேன்.

காலையில் சந்தையில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்போது போன் எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்ப எடுத்தேன். திரும்பவும் எடுத்தேன். என் போனை அவள் எடுக்காமல் விட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. புதுச் சிலிண்டர் ஞாபகம் வந்தது. குசினி யன்னல் ஞாபகம் வந்தது. மூட்டை ஏற்றுகிறவர் இன்னும் எத்தனை என்று கேட்க, அவர்மேல் பாய்ந்தேன். பக்கத்து வளவு அண்ணைக்கு எடுத்தேன்.

"அண்ணை, ஒருக்கா ஓடிப்போய்ப் பாருங்கோ. அவ போன் எடுக்கேல்லை."

போனை வைக்காமலே ஓடினார். அவர் மூச்சு வாங்குவது கேட்டது. கதவைத் தட்டுவது கேட்டது. "பிள்ளை! பிள்ளை!" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. பின்பக்கம் போய் யன்னலை அடித்தார்.

"தம்பி, உள்ள ஒரு அசுமாத்தமும் இல்லை. யன்னலும் இப்ப கழட்டேலாதே. அலவாங்கு எடுத்துக்கொண்டு வரட்டோ?"

"உடையுங்கோ அண்ணை! சுவரை உடையுங்கோ!" சந்தையே திரும்பிப் பார்த்தது. இந்தக் கையால்தானே பூசினேன் என்று என் கையையே எனக்கு வெறுத்தது.

அப்போது தாழ்ப்பாள் நீங்குகிற சத்தம். அவளுடைய குரல் தூரத்தில்: "என்னண்ணை, விடியமுன்னம்?"

"விடியமுன்னமோ? எட்டு மணி தாண்டீட்டுது பிள்ளை. இந்தா, உன்ர மனுசன்."

போன் கை மாறியது. "என்ன?" என்றாள். தொண்டை கட்டி, சொல் ஒழுங்காக வராமல், யாரோ போல இருந்தது.

"என்ன நடந்தது? ஏன் போன் எடுக்கேல்லை?"

"நித்திரையாப் போனன்" என்றாள். அவளுக்கே அது நம்ப முடியாமல் இருந்திருக்க வேண்டும். பிறகு வழக்கமான சூடு வந்தது. "மனிசரை ஒருநாளைக்கு ஒழுங்காப் படுக்க விடமாட்டியளே? வையுங்கோ போனை. இன்னும் கொஞ்சம் படுக்கப்போறன்."

வைத்துவிட்டாள். நான் லொறிப் பெட்டியில் சாய்ந்து நின்று அழுதேன். மூட்டை ஏற்றுகிறவர் வந்து வீட்டில் ஏதும் கெட்ட செய்தியோ என்று கேட்டார். இல்லை, என் மனைவி நித்திரை கொள்கிறாள் என்றேன்.