பொட்டு வைத்த வடம்

எண்பதுகளில் ஒரு கோடையில் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிணறுகளெல்லாம் வற்றிவிட்டன. அவற்றில் சேறு வாரி ஆழப்படுத்துகிற ஒரு கோஷ்டியில் நானும் என் அண்ணனும் இருந்தோம். ஒரு மேஸ்திரி, வடம் இழுக்க மூன்று பேர், மேலே வருகிற சேற்றை வாங்கிக் கொட்ட ஓர் அக்கா, கிணற்றில் இறங்க அண்ணன். அவ்வளவுதான் ஆட்கள். நான் இழுக்கிற மூவரில் ஒருவன். காலையில் வடத்தைக் கப்பியில் கோத்து, நுனியில் இரும்பு வாளியைக் கட்டுவதும், சாயங்காலம் அவிழ்த்துச் சுற்றி வைப்பதும் என் பொறுப்பு. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. கயிற்றோடு இருப்பது வசதியாக இருந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூசையன்று வாளிக்கு மேலே ஒரு முழம் தள்ளி, வடத்தில் சந்தனத்தை அப்பி குங்குமப் பொட்டு வைப்போம். தண்ணீரில் கரைந்துவிட்டால் அடுத்த அமாவாசைக்கு அதே இடத்தில் மறுபடியும் அப்புவோம். பொட்டை யாரும் அழிக்கக் கூடாது. வடம் முழுவதும் வெயிலில் காய்ந்துவிடும். அந்த இடம் மட்டும் சந்தனத்துக்குள் ஈரமாகவே கிடக்கும். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை, தினமும் கையில் எடுக்கிற எனக்கும்.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. கிணற்று மேட்டில் ‘அறும்’ என்ற சொல் யார் வாயிலும் வரக் கூடாது. வடம் நைந்து போனால் ‘சலிச்சுடுச்சு’ என்போம். முடிச்சு தளர்ந்தாலும் அதே சொல். ஆள் களைத்துப் போனாலும் அதே சொல்.

அன்று நாங்கள் போன கிணற்றில் படிகள் இடிந்திருந்தன. அண்ணன் வாளியில் ஒரு காலை வைத்து, வடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். காலையில் வாளியைக் கட்டும்போது என் பெருவிரல் பொட்டின் மேல் அழுந்தியது. விரல் உள்ளே போனது. கையை எடுத்துப் பார்த்தேன். குங்குமத்தோடு நாரும் பொடியாக ஒட்டியிருந்தது.

மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

“கயிறு சலிச்சுடுச்சுங்க.”

“நீயுந்தான் சலிச்சுட்ட. வேல ஆரம்பிக்கறதுக்குள்ளயா? போய் முடிச்ச இறுக்கிக் கட்டுடா.”

மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளிப் பக்கம் வந்துவிட்டான். சேறு கொட்டுகிற அக்கா அருகில் கூடையோடு நின்றிருந்தாள். அவளிடம் என் விரலைக் காட்டினேன்.

“இன்னாடா இது?”

“பொட்டுக்குக் கீழ... உள்ள ஒண்ணுமில்லக்கா.”

அவள் என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: “யோவ் மேஸ்திரி, கயிறு அறுந்துடும்யா!”

அண்ணன் வாளியில் வைத்த காலை எடுத்துவிட்டான். மேஸ்திரிக்கு முகம் கறுத்துப்போனது.

“வாய்க்கு வந்தத பேசற எடமாடி இது? காலங்காத்தால...”

“சொன்னா அறுந்துடும்னா, சொல்லாம இருந்தா அறாம இருக்குமா? உன் தம்பியா இருந்தா எறக்குவியா?”

வீண் பேச்சு விழுந்துவிட்டால் அதற்கும் ஒரு பரிகாரம் வைத்திருந்தோம். ஆளுக்கு முன்னால் கல் இறங்க வேண்டும். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே அண்ணன் கனத்துக்கு வாளியில் கல்லைப் போடச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் வடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். பாதிக் கிணறுகூட இறங்கியிருக்காது. கையில் இருந்த பாரம் சட்டென்று காணாமல் போய், மூன்று பேரும் மல்லாக்க விழுந்தோம். அதன் பிறகுதான் அடியில் பாறையில் வாளி மோதுகிற சத்தம் வந்தது.

அண்ணன் கிணற்று விளிம்பில் குந்திக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி மேலே வந்த நுனியை எடுத்து முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பொட்டு வைத்த இடத்தில்தான் போயிருந்தது. மீதி வடம் நன்றாகவே இருந்தது. ஆனாலும் அதைத் துண்டு துண்டாக வெட்டி, மாடு கட்ட வைத்துக்கொள்ளுங்கள் என்று கிணற்றுக்காரரிடம் கொடுத்துவிட்டார். முழுசாக இருந்தால் யாராவது ஒருத்தன் அதில் தொங்கிக் கிணற்றில் இறங்குவான் என்றார்.

“இனிமே பொட்டு கப்பிக்கு வைங்கடா. வடத்துக்கு வேணாம்.” என் பக்கம் திரும்பினார். “வடத்த நீ பாத்து சொல்ற அன்னிக்கி மாத்திடலாம். சலிச்சுடுச்சு கிலிச்சுடுச்சுனு சொல்லாத. மாத்தணும்னு சொல்லு.”

அதிலிருந்து நான் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மேலே முடி முடியாகச் சிலிர்த்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. உழைக்கிற வடம் அப்படித்தான் இருக்கும். சேர்த்து முறுக்கியிருக்கிற புரிகளைத் திருகிப் பிரித்து உள்ளே பார்க்க வேண்டும். பொடி உதிர்ந்தால், ஒரு புரி மட்டும் இளைத்திருந்தால், புளித்த வாடை அடித்தால் மாற்றிவிட வேண்டும். ஒரு சாண் கெட்டிருந்தாலும் ஆள் இறங்குகிற வேலைக்கு அந்த வடம் ஆகாது.

அன்று மத்தியானமே அண்ணனும் நானும் பஸ் ஏறி, புது வடம் வாங்கத் திருவண்ணாமலைக்குப் போனோம். கடையில் நான் ஒரு கயிற்றுக் கட்டை இறக்கி, முழம் முழமாகத் தடவி, புரியைப் பிரித்து முகர்ந்துகொண்டிருந்தேன். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

“இன்னாப்பா, மல்லிப்பூவா வாங்கற? சீக்கிரம் பாரு.”

எனக்கு வெட்கம் பிடுங்கியது. கையை எடுக்கப் போனேன். அண்ணன் என் கையை மறுபடி கயிற்றின் மேலேயே வைத்தான்.

“அவன் மெதுவா பாக்கட்டுங்க. நான்தான் அதுல தொங்கப் போறேன்.”

கடைக்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார். முழுக் கட்டும் தீரும்வரை அண்ணன் பக்கத்திலேயே நின்றான். அவனுக்கும், என் விரலைப் பார்த்துச் சத்தம் போட்ட அந்த அக்காவுக்கும் நான் என்றைக்கும் கடமைப்பட்டவன். கடைசி முழம் வந்ததும், “இது போதும்ணா, நல்லா இருக்குது” என்றேன். சரி என்று அவன் கட்டைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டான்.