ஏலக்காரர் போட்ட ஜூஸ்

எனக்கு ரத்தம் குறைவு என்று டாக்டரம்மா சொன்னபோது என் வீட்டுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நாளாகவே அலுவலக மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று விட்டுவிட்டேன். பரிசோதித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே. டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடச் சொன்னார். மாத்திரை போட்டதும் டீ குடிக்க வேண்டாம், எலுமிச்சைச் சாறு மாதிரி புளிப்பாக ஏதாவது குடித்தால் நல்லது என்றார். பீட்ரூட் ஜூஸ் கொடுக்கலாமா என்று இவர் கேட்டார். கொடுக்கலாம், ஆனால் மாத்திரையை விட்டுவிடக் கூடாது என்று பதில் வந்தது. இவர் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது என்று நினைத்தேன்.

இவருக்குத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் வேலை. படகிலிருந்து கூடை இறங்கியதும் கூட்டத்தின் நடுவில் நின்று விலை கூவுவார். அந்தக் குரல் வீட்டுக்கு வந்தாலும் இறங்காது. என்னிடம் ரகசியம் சொன்னால் எதிர்வீட்டில் ஜன்னலைத் திறப்பார்கள். மீனின் கண்ணைப் பார்த்தே அது எப்போது வலையில் விழுந்தது என்று சொல்லிவிடுவார். காய்கறியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது குழம்பில் மிதக்கும் என்பதுதான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒரு டம்ளர் காபி போட்டதில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் ஒரு பையோடு வந்து நின்றார். தினமும் நான் ஆபீசுக்குக் கிளம்பிப் போன பிறகுதான் வீடு திரும்புகிறவர். பைக்குள் தேங்காய் அளவில் நாலு பீட்ரூட். என்னை அடுப்படிக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு மிக்சியைப் போட்டார். அடுத்த நொடி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். சுவர், ஜன்னல், மாட்டியிருந்த காலண்டர், அவருடைய பனியன், மூக்கு நுனி, எல்லாம் சிவப்பு.

"ஒண்ணும் இல்ல, மூடி நவுந்துடுச்சி" என்றார், ஏலம் விடும் குரலில்.

பல நாளுக்குப் பிறகு அன்றுதான் நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஜாரில் மிச்சம் இருந்ததை வடிகட்டி ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். மண்ணைக் கரைத்துச் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழுசையும் குடித்தேன். இரண்டாம் நாளும் குடித்தேன். மூன்றாம் நாள் முடியவில்லை. டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி, நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள் என்றேன். குடித்தார். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"இத எப்டி ரெண்டு நாளா குடிச்ச?" என்று கேட்டார். அதிசயமாக, மெதுவாகக் கேட்டார்.

அன்றே திரும்பவும் பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். அரியாங்குப்பம் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து தன் நிலத்துக் காய்களைக் கொண்டுவந்து விற்கும் ஓர் அம்மாவிடம்தான் பீட்ரூட் வாங்கியிருந்தார். அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அவர் நன்றாகத் திட்டினாராம். இவ்வளவு பெரிசை ஏன் எடுத்தாய், முற்றினது மண்ணாகத்தான் இருக்கும், கீரையோடு இருக்கிற சின்னதாகப் பார்த்து எடு, காம்புப் பக்கம் தோலைத் தடிமனாகச் சீவு, ஒரு கேரட், ஒரு நெல்லிக்காய், ஒரு துண்டு இஞ்சி சேர்த்து அரை, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழி என்று பாடம் எடுத்தாராம். வடிகட்டிய சக்கையைக் கொட்டாதே, அடை மாவில் கலந்துவிடு என்றும் சொல்லியிருக்கிறார். இவர் கைபேசியில் அதையெல்லாம் அந்த அம்மாவின் குரலிலேயே பதிந்துகொண்டு வந்தார். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நாலாம் நாள் ஜூஸ் தயாரானது.

அது நன்றாக இருந்தது. அவருக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நன்றாக இருந்தது. முதலில் இஞ்சி சுருக்கென்று ஏறும். பின்னால் நெல்லிக்காய் புளிப்பு. அதற்கும் பின்னால்தான் பீட்ரூட்டின் இனிப்பு வரும். சாயங்காலம் நான் ரோஜா நிறத்தில் அடை சுட்டேன். அவர் ஐந்து சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு காலை எட்டிலிருந்து எட்டரை வரை எங்கள் நேரம் ஆகிவிட்டது. எங்கள் பெண் கல்யாணமாகிப் பெங்களூர் போனதிலிருந்து வீட்டில் நாங்கள் இருவர்தான். ஆனாலும் வேலை நாட்களில் சரியாகப் பேசிக்கொண்டதில்லை. விடியும் முன்பே அவர் போய்விடுவார். நான் ஆபீசிலிருந்து வந்து சமைத்து முடிப்பதற்குள் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். இப்போது அவர் மாத்திரையை டம்ளர் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டு நறுக்க, நான் அதைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எந்தப் படகில் என்ன மீன், யாருக்கும் யாருக்கும் சண்டை என்று சொல்லுவார். நான் ஆபீஸ் கதை சொல்லுவேன். முதலில் எனக்கு மட்டும் ஊற்றியவர், பிறகு தனக்கு அரை டம்ளர் எடுத்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் அதுவும் முழு டம்ளர் ஆனது.

அப்புறம்தான் அவர் பேச்சு குறைந்தது. கேட்டால் ஒன்றுமில்லை என்பார். ஒருநாள் சாயங்காலம் என்னை உட்காரவைத்து, வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, கேஸ் புத்தகம் எங்கே இருக்கிறது என்று காட்டினார். எதற்கு இதெல்லாம் என்றேன். தெரிந்து வைத்துக்கொள் என்றார். மறுநாள் துறைமுகத்தில் எடை போடுகிற அவருடைய சிநேகிதர் எனக்குப் போன் பண்ணினார். அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா, ரெண்டு நாளாக ஏலத்தில் குரலே எழும்பவில்லை, பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்கவில்லை என்று புகார் சொல்கிறார்கள் என்றார்.

இவர் வீட்டுக்கு வந்ததும் மிக்சி பக்கம் போகவிடாமல் பிடித்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்றேன், நீ பயப்படாத. ஒண்ணுக்கு ரத்தமா போவுது."

"எத்தினி நாளா?"

"மூணு நாளா."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். முதல் வாரமே எனக்கும் அப்படி ஆகி, பயந்துபோய் ஆபீசிலிருந்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டிருந்தேன். பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்கு அந்த நிறம் வரும், ஒருநாள் நிறுத்திப் பாருங்கள், போய்விடும் என்று அவர் சொன்னார். நிறுத்தினேன், போய்விட்டது. அன்று வயிறு மந்தம் என்று இவரிடம் ஒரு பொய் சொல்லியிருந்தேன்.

"அது ரத்தம் இல்லீங்க, பீட்ரூட்டு. எனக்கும் அப்டிதான் போச்சி."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க கேக்குற கேள்வி தெரு முழுக்கக் கேட்டிருக்கும்."

கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்த சிரிப்பு. எதிர்வீட்டு அம்மா என்னவோ ஏதோ என்று வந்து கதவைத் தட்டினார். ஒன்றுமில்லை, ஜூஸ் போடுகிறோம் என்றேன். ஆனாலும் டாக்டரம்மா சொன்னபடி அவரும் இரண்டு நாள் பீட்ரூட்டை நிறுத்திப் பார்த்தார். நிறம் தெளிந்தது. குரலும் பழையபடி ஏறியது.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பரிசோதித்தோம். பதினொன்றரை வந்திருந்தது. இவர் நாற்காலியின் நுனிக்கு வந்து, எல்லாம் ஜூஸ்தான் என்றார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, ஏற்றிவிட்டது மாத்திரை, நெல்லிக்காயும் எலுமிச்சையும் அதற்குக் கொஞ்சம் கைகொடுத்திருக்கும் என்றார். இவர் முகம் விழுந்துவிட்டது. நான் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் விடாமல் மாத்திரையை டம்ளர் பக்கத்தில் எடுத்து வைத்தது இவர்தான், என்னை விட்டிருந்தால் முதல் அட்டையோடு மறந்திருப்பேன் என்றேன். அப்படியானால் பாதிப் பெருமை உங்களுக்குத்தான் என்று டாக்டரம்மா இவரிடம் ஒப்புக்கொண்டார்.

இப்போது வெயில் காலம். பீட்ரூட் வாரத்துக்கு இரண்டு நாள்தான். மற்ற நாளில் வெள்ளரி, வெண்பூசணி, தர்பூசணி என்று மாறி மாறி வருகிறது. மாத்திரையை டாக்டரம்மா நிறுத்திவிட்டார். ஜூஸை நிறுத்தலாமா என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்கவில்லை.

போன வியாழக்கிழமை படகுகள் தாமதமாகத்தான் கரைக்கு வந்தன. எட்டரை ஆகியும் இவர் வரவில்லை. நானே வெள்ளரியை நறுக்கி அரைத்துக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். செய்யவில்லை. ஒன்பதேகாலுக்கு வேர்க்க விறுவிறுக்க வந்தவர், நீ இன்னும் போகலையா என்று கேட்டுக்கொண்டே கையைக் கழுவப் போனார். ஆபீசில் அதிகாரி தாமதத்துக்குக் காரணம் கேட்டார். ஜூஸ் குடித்தேன் சார் என்று உண்மையைச் சொன்னேன்.