கார் ஸ்ரீரங்கத்தில், நான் பஸ்ஸில்

என் கொழுந்தன் தங்கமான ஆள். காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் சவூதியில் இருப்பதால், ஆஸ்பத்திரியோ கல்யாண வீடோ, என்னையும் மாமியாரையும் தன் காரில் கூட்டிப் போவது அவர்தான். ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. ஆனால் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே, "எங்க போறீங்க அண்ணி, இப்பவே போகணுமா?" என்று கேட்காமலும் இருந்ததில்லை. அதில் சலிப்பு கிடையாது, சும்மா கேட்பதுதான். நான் தனியாக ஆட்டோவில் ஏறினால்கூட வாசலுக்கு வந்து ஆட்டோ நம்பரைக் குறித்துக்கொள்வார். இப்படிப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. பிள்ளைகளும் படிப்பு, வேலை என்று வெளியூர் போய்விட்டார்கள். யாருக்கும் காரணம் சொல்லாமல் ஒரு நாள், ஒரே ஒரு நாள், வீட்டை விட்டுக் கிளம்பிப் பார்க்கவேண்டும் என்று ஆசை. கார் ஓட்டப் பழகியது அதற்காகத்தான்.

உறையூரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒரு டிரைவிங் ஸ்கூல். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், மீதியெல்லாம் மனுஷர் பேச்சைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டது. அப்படிப்பட்ட எனக்கு அந்த மாஸ்டர் வாய்த்தது பாக்கியம். வாயைத் திறந்தால் ஒரு வசனம்.

"கியர் போடுறதும் பொண்ணு கேக்குறதும் ஒண்ணும்மா, அவசரப்பட்டா சத்தம் வரும்."

"முன்னாடி போறவன் சோம்பேறி, பின்னாடி வர்றவன் பைத்தியம். நடுவுல நாம மட்டும்தான் மனுஷன்னு நெனச்சுட்டு ஓட்டுங்க."

எனக்கு ரொம்பப் பிடித்தது, முதல் நாள் அவர் சொன்னதுதான்: "பயப்படாதீங்க. ஸ்டியரிங் உங்க கையில, உசுரு என் காலுல." இதைச் சவூதிக்குப் போன் போட்டுச் சொன்னேன், மீன்காரம்மாவிடம் சொன்னேன், மாமியாரிடம் இரண்டு தடவை சொன்னேன். சொல்லிச் சிரித்தேனே தவிர, அந்த மனுஷன் காலடியில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை. டெஸ்ட்டும் அதே ஸ்கூல் காரில், அவர் பக்கத்தில் இருக்கத்தான்; லைசென்ஸும் வந்துவிட்டது.

கார் கிடைத்தது ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதி ஒன்றில். ரிட்டையரான ஒரு பெரியவர், கண் ஆபரேஷனுக்குப் பிறகு இனி ஓட்டவேண்டாம் என்று விற்றார். மெக்கானிக் பார்த்தாச்சு, பேப்பர் மாற்றியாச்சு. வண்டியை எடுத்துவர நானும் கொழுந்தனும் போனோம். "நான்தான் ஓட்டிட்டு வருவேன்" என்று வீட்டிலேயே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருகினேன். கியர் போட்டேன். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடியும் போட்டேன். மறுபடியும் குதி. எதிர் வாசலில் துளசி கட்டிக்கொண்டிருந்த பூக்காரம்மா கையை நிறுத்திவிட்டு, "ஏங்க, காருன்னு சொல்லிக் குதிரைய வித்துட்டாங்களா?" என்றாள். வீதியே சிரித்தது.

கொழுந்தன் பக்கத்து சீட்டிலிருந்து மெதுவாகச் சொன்னார்: "எறங்குங்க அண்ணி, நான் எடுக்கிறேன்."

நான் இறங்கவில்லை. "உசுரு என் காலுல" என்று மாஸ்டர் சொன்னது அப்போதுதான் உறைத்தது, அவருக்குப் போன் போட்டேன்.

"மாஸ்டர், கிளட்ச்ச நான் மிதிச்சதே இல்லையா?"

"மிதிச்சீங்கம்மா. நானும் மிதிச்சேன்."

"பிரேக்கு?"

"அதையும் நீங்க மிதிச்சீங்க. நான் கொஞ்சம் முந்திக்கிட்டேன்."

இதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது? ஸ்கூல் காரில் அவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வைத்திருந்தார்கள். இத்தனை மாதமும் நான் ஓட்டியது கையால் மட்டும்.

கொழுந்தன் எடுத்தால் அரை மணியில் வண்டி எங்கள் வாசலில் நிற்கும். ஆனால் அப்புறம் அது அவர் காருக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு அவர் கார். எனக்கு அது பட்டென்று விளங்கிவிட்டது. பெரியவரிடம் போய், கொஞ்ச நாளைக்கு வண்டி இங்கேயே நிற்கலாமா, நான் வந்து பழகிக்கொள்கிறேன் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "அதுக்கென்னம்மா, உங்களுக்குக் கால் படியற வரைக்கும் இங்கேயே எழுந்தருளியிருக்கட்டும்" என்றார். பெருமாளுக்குச் சொல்கிற வார்த்தையை அந்தப் பழைய காருக்குக் கொடுத்தார்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் டவுன் பஸ். ஏறினதும் கொழுந்தனுக்கு ஒரு போன், இறங்கினதும் ஒரு போன். மாமியார் தெருவெல்லாம் சொல்லிவிட்டார்: "ஊருல கார் வாங்குனவ கார்ல போவா. எம் மருமக கார் ஓட்டுறதுக்கு பஸ்ல போறா." சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலை மட்டும் மறக்காமல் என் பையில் வைத்துவிடுவார்.

வெயிலில் வீதி அடங்கிக் கிடக்கும் நேரம். பக்கத்தில் யாரும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் கிளட்ச்சை மிதித்து, தூங்குகிற குழந்தைக்குக் கீழே இருந்து கையை உருவுகிற மாதிரி விட்டுப் பழகினேன். எந்த இடத்தில் வண்டி லேசாக நடுங்குகிறதோ அதுதான் அதன் சம்மதம். இதை எந்த மாஸ்டரும் சொல்லவில்லை, என் பாதம் சொன்னது. கொஞ்ச நாளில் பூக்காரம்மா, "குதிரை இப்ப பசுவாயிடுச்சே" என்றாள். அவள் வாயால் வந்ததைத்தான் என் லைசென்ஸ் என்று வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே பெரியவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன். "ஹாரனுக்குக் கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கும், ரெண்டு தரம் அடிக்கணும்" என்றார். அவ்வளவுதான் வழியனுப்பு.

காவிரிப் பாலத்தின் நடுவில் முன்னால் போன லாரி நின்றது. நானும் நிறுத்தினேன். லாரி நகர்ந்தது, என் வண்டி நகரவில்லை. ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் பஸ் விடாமல் ஹாரன் அடிக்க, கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்: "அக்கா, காரோட சேத்துப் பாலத்தையும் வாங்கிட்டீங்களா?"

பக்கத்து சீட்டைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில்தான் இருந்தது. சாவி, கியர், பாதம். மெதுவா, மெதுவா. வண்டி நடுங்கிச் சம்மதித்தது. கண்டக்டருக்குக் கை காட்டிவிட்டுப் போனேன், மகாராணி மாதிரி.

பாலம் இறங்கி வலது பக்கம் கரூர் ரோடு. உறையூருக்குத் திரும்புகிற இடம் வந்தது. கை திரும்பவில்லை. முன்னால் போகிற ரோட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் நேரே போனேன், ஆறு கூடவே வந்தது. சாலையோரம் ஒரு டீக்கடையைப் பார்த்து நிறுத்தினேன்.

கடைக்காரர் காருக்குள் எட்டிப் பார்த்தார். "எத்தனை டீங்க? உள்ள யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லண்ணே. எனக்கு மட்டும்தான். சர்க்கரை தூக்கலா."

காருக்குள் போன் அடித்தது. கொழுந்தனாகத்தான் இருக்கும், பஸ் ஏறியாச்சா என்று. பாவம், அப்புறம் பேசிக்கொள்ளலாம். டீ நல்ல சூடு. பெஞ்சில் உட்கார்ந்து ஆற்றி ஆற்றிக் குடித்தேன்.