கிணற்று வாயுவுக்கு வாடை இல்லை

1997 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் லாரித் தண்ணீரைக் குடங்களில் பிடித்துவைத்து, குளித்து, ஆழ்வார்பேட்டையில் 12பி ஏறி, தி. நகர் அலுவலகத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கான பாதுகாப்பு விதிகளை எழுதுவது எங்கள் பிரிவின் வேலை. அன்று மேசையில் இருந்தது, வீடுகளை ஒட்டிய கிணறுகளில் கசிவைக் கண்டறிவதற்கான வரைவு. 'வாடை வருவதாகக் குடியிருப்போர் புகார் செய்தால் உடனே சோதிக்க வேண்டும்' என்றது அதன் முக்கிய விதி.

அந்த விதியை இன்னொரு முறை படித்தேன். வீட்டு சிலிண்டரில் வாடையைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். கிணற்றிலிருந்து நேராக வரும் வாயுவுக்குப் பெரும்பாலும் வாடை கிடையாது. டெல்டாவில் என் மனைவியின் அண்ணன் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அப்பால் அப்படி ஒரு கிணறு இருந்தது. போன வாரம் வந்திருந்தபோது, "வாடையே இல்ல மாப்ள, அப்ப பயமில்லதானே?" என்று கேட்டார். "கருவி வெச்சுப் பாக்கச் சொல்லி எழுதப்போறோம் மச்சான்" என்றிருந்தேன்.

வரைவின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: புகாருக்குக் காத்திராமல் மாதந்தோறும் கருவியால் சோதிக்க வேண்டும். மாலையில் ஃபேர் காப்பி வந்தது. ஓரக் குறிப்புகளில் மேலதிகாரி டிக் அடித்ததை மட்டுமே டைப் செய்வார்கள். என் வரி இல்லை.

அவர் அறைக்குப் போனேன்.

"கேஸ்னா நாத்தம் வரும். எங்க வீட்டுச் சமையக்காரம்மாவுக்கே தெரியும், உனக்குத் தெரியாதாய்யா?"

"அது சிலிண்டர் சார். இது கிணறு."

"அத்தனை கிணத்துக்கும் மாசாமாசம் கருவியைத் தூக்கிக்கிட்டு யாரு போறது? நீ போறியா?"

"அனுப்பினா போறேன் சார்."

சிரித்தார். "போய் சீட்ல உக்காரு. வெளிய யார்கிட்டயும் உளறி வைக்காத. பீதி கிளப்பினேன்னு மெமோதான் வரும்."

உட்கார்ந்தேன். கோப்பைக் கட்டி டெல்லிக்கு அனுப்பினார்கள். வேலையை விட்டால், அடுத்து வருபவருக்கு ஓரத்தில் எழுதக்கூடத் தோன்றாமல் போகலாம். இருந்தால் எழுதிக்கொண்டே இருக்கலாம், டைப்பில் வராது.

மறுநாள் காலை, குடங்களை எடுக்காமல், முதல் வேலையாகத் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன்.

"இன்னா சார், லாரி வர்ற நேரத்துல இங்க கீற?" என்றாள் பூத்துக்காரம்மா.

மைத்துனர் எடுத்தார். "வாடை வரும்னு காத்திருக்காதீங்க மச்சான். கொல்லைப் பக்கம் அடுப்பு மூட்டாதீங்க. தெருவுல எல்லாருக்கும் சொல்லுங்க."

"யாரு சொன்னான்னு கேப்பாங்களே, மாப்ள?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."