உங்க பக்கமா, எங்க பக்கமா

சட்டையிலிருந்து ஒரு பட்டன் தெறித்து விழுந்தால், விழுகிற சத்தத்தை வைத்தே அது எலும்பா, மரமா, பிளாஸ்டிக்கா என்று சொல்லிவிடுவார் பட்டன்காரர். என்ன பிரயோஜனம்? கடைக்கு ஆள் வந்தால்தானே! வியாபாரமெல்லாம் இணையப் பக்கத்தில்தான். வீட்டில் அதற்குச் சுருக்கமாகப் 'பக்கம்' என்று பெயர். "இந்த மாசம் ஒரு பெரிய ஆர்டர் வரலேன்னா கடையை மூடிட்டு உன் அண்ணனோட டைல்ஸ் கடையில போய் உக்காந்துடறேன்" என்று மனைவியிடம் வாய்விட்டிருந்தார். மாதம் முடிய ஒரே நாள் பாக்கி.

ஆர்டர் வருகிற மாதிரிதான் இருந்தது. நாடகக் குழுவின் தையல்காரம்மா நாற்பது கோட்டுகளுக்கு வேண்டிய பட்டனை அன்று நான்கு மணிக்குள் பக்கத்தில் பார்த்துத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கென்று பார்த்துக் காலையிலேயே பக்கம் படுத்துவிட்டது.

பக்கத்துக்கு இடம் கொடுத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனி மச்சான் சிபாரிசு செய்தது. போன் போட்டால், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு குரல் நாற்பது நிமிடம் கொஞ்சியது. அவ்வளவு முக்கியமென்றால் எடுத்துத் தொலைப்பதுதானே? கடைசியில் ஒருவர் எடுத்தார்.

"செக் பண்ணிட்டேன் சார். பிரச்சினை எங்க பக்கம் இல்ல, உங்க பக்கம்தான்."

பட்டன்காரருக்கு உயிரே வந்தது. "ஆமாங்க, என் பக்கம்தான்! அதைத்தானே காலையிலேர்ந்து கத்திட்டிருக்கேன்!"

"அப்ப ஒத்துக்கிறீங்க?"

"நூறு தடவை ஒத்துக்கிறேன்!"

போனை வைத்துவிட்டார்கள். அடுத்த நிமிடம் மின்னஞ்சல் வந்தது. பிரச்சினை தம் பக்கமே என்று வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டதால் புகார் முடித்துவைக்கப்பட்டதாம்.

மனைவி அதை உரக்கப் படித்தாள். "அவர் சொன்னது உங்க சைடை. நீங்க சொன்னது பட்டன் பக்கத்தை. கையெழுத்து ஒண்ணுதான் போடல!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. டைல்ஸ் கடையில் மச்சானுக்கு எதிரே போட்ட ஸ்டூல் கண்முன் வந்து நின்றது.

மூன்றரைக்குத் தையல்காரம்மா கூப்பிட்டார். "என்னங்க, உங்க பக்கம் வரவே மாட்டேங்குதே?"

அவர் திணறுவதற்குள் மனைவி போனைப் பிடுங்கினாள். "அது வரலேன்னா என்னங்க, நீங்க எங்க பக்கம் வாங்களேன்! பஸ் நிலையத்துக்குப் பின்னாடிதான் கடை."

கடையை மூடு, மூடு என்று பத்து வருடமாக நச்சரித்தவள் இவள்தானா என்று அவர் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

தையல்காரம்மா வந்தார். ஒரு பெட்டி விடாமல் திறந்து, ஒவ்வொன்றாய் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "போட்டோவுல பாத்திருந்தா இந்த எலும்பு பட்டனைத் தாண்டிப் போயிருப்பேன்" என்று நாற்பது கோட்டுக்கும் அதையே எழுதிக் கொடுத்தார்.

ஐந்து மணிக்கு ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து போன்.

"சார், உங்க பக்கம் தானா சரியாயிடுச்சு. எங்க சேவைக்கு மார்க் போடுங்களேன்."

"போட்டுக்கிட்டேதாங்க இருக்கேன், மார்க்தான் விழ மாட்டேங்குது" என்றார் பட்டன்காரர். "பிரச்சினை எங்க பக்கம் இல்ல, உங்க பக்கம்தான்."