துஷ்டி வீட்டில் சொன்ன ‘போயிட்டு வாரேன்’

எங்கள் தெருவைப் பொறுத்தவரை வடக்கேயிருந்து வந்தவன் எவனாக இருந்தாலும் இந்திக்காரன்தான். எதிர்வீட்டு அக்காவின் பின்கட்டில் பெண்டாட்டியோடு குடியிருந்தவன் ஒடிசாக்காரன். விசைத்தறியில் வேலை. “நான் இந்தி இல்ல, ஒடியா” என்று அவனும் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். யார் கேட்டது? கடுகெண்ணெய் வாடை வந்தால் போதும், “இந்திக்காரன் வீட்டுல சமையல் ஆரம்பிச்சாச்சு பாருட்டி” என்று மூக்கைப் பிடித்துக்கொள்வோம். இத்தனைக்கும் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ துபாய்க்கோ ஆள் அனுப்பாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. நம் பிள்ளைகளை அங்கே என்ன பேர் வைத்துக் கூப்பிடுகிறார்களோ, அதை மட்டும் நாங்கள் யோசித்ததில்லை.

போன வருஷம் அக்காவின் வீட்டுக்காரர் நெஞ்சுவலி வந்து திடீரென்று போய்ச்சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. எடுத்து முடிந்ததும் வந்த சனம் ஒவ்வொன்றாகக் கலைந்தது. துஷ்டி வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. ‘வாரேன்’ என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டவேண்டியதுதான்.

ஷிப்டுக்குக் கிளம்பிய ஒடிசாக்காரன் நேராக அக்கா முன்னால் வந்து நின்றான். இரண்டு கையையும் கூப்பி, கணீரென்று, “போயிட்டு வாரேம்மா” என்றான்.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த கிழவிகூட வாயை மூடிக்கொண்டாள். ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த அக்காவின் கொழுந்தனார், “ஏலே, எங்கன வந்து என்ன சொல்லுத?” என்று கையை ஓங்கிவிட்டார். அவன் பேய்முழி முழித்தான். வந்த புதிதில் ‘போறேன்’ என்று சொல்லிக் கிளம்பினவனை, “போறேன்னு சொல்லாதல, வெளங்காது. போயிட்டு வாரேன்னு சொல்லு” என்று திருத்தினதே நாங்கள்தான். இந்த ஒரு வீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது என்று சொல்லித்தர எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

கொழுந்தனாரும் அன்றைக்கே வேன் ஏறிவிட்டார். சொந்தபந்தமெல்லாம் போனில் மட்டும் துக்கம் விசாரித்தது. பகலில் நான் எட்டிப் பார்ப்பேன், பிறகு என் குடும்பம் கூப்பிடும். அவனுடைய பெண்டாட்டிதான் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து அக்கா பக்கத்தில் படுத்தாள். சோறும் அவர்கள் வீட்டுச் சோறுதான். அதே கடுகெண்ணெய்க் குழம்பை அக்கா ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் பிசைந்து சாப்பிட்டதை நான் பார்த்தேன். அவன் வேலை முடிந்து வந்ததும் முதலில் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, “அம்மா, மருந்து தின்னாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் பின்கட்டுக்குப் போவான். பெற்ற பிள்ளைகூட இப்படிக் கேட்குமா என்று நினைத்துக்கொள்வேன்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சொந்தமெல்லாம் வந்தது. சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டே கொழுந்தனார் ஆரம்பித்தார்.

“மதினி, அந்தப் பயலை இந்த மாசமே காலி பண்ணச் சொல்லிருங்க. ஒத்தைப் பொம்பளை இருக்க வீட்டுல எந்த ஊருன்னே தெரியாதவன் எதுக்கு? அன்னைக்குச் சாவு வீட்டுல வாய வச்சானே, அது போதாதா?”

அக்கா அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. சரி என்று தலையாட்டிவிட்டால் அந்த ரெண்டு பேரும் சட்டிபானையோடு தெருவில் நிற்கவேண்டியதுதான். அக்காவுக்கும் வேறு யார் இருக்கிறார்கள்?

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நீங்கள்லாம் மொறை தெரிஞ்சவிய. ஒருத்தரும் வாரேன்னு சொல்லல. அதே மாதிரி இத்தனை நாளா வரவும் இல்ல. மொறை தெரியாத அவன் ஒருத்தன்தான் வாரேன்னு சொன்னான். ஷிப்டு முடிஞ்சதும் வந்துட்டான். அவன் இங்கனதான் இருப்பான்.”

குரலை உயர்த்தவே இல்லை. எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது எனக்கு.

கொழுந்தனார் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். வாசலில் செருப்பை மாட்டினவர், அக்காவைத் திரும்பிப் பார்த்து, என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.