நாத்தனார் கம்ப்யூட்டர் டிவியில் பேசிய மதியம்

என் நாத்தனாருக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. வாயை மட்டும் இரண்டு பேருக்குச் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கூட்டங்களில் பதிவு செய்த பேச்சைக் கேட்டு டைப் அடித்து அனுப்புவது அவள் வேலை. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை எல்லாம் ஒரு குரல் அவளுக்கு வாசித்துக் காட்டும். மானிட்டரை அவள் போடுவதே இல்லை. "பாக்க ஆளில்லாதப்ப அதுக்கு எதுக்கு அண்ணி கரண்டு?" என்பாள்.

அந்தக் குரலை அவள் ஓடவிடும் வேகம் இருக்கிறதே, எங்கள் காதுக்கு அது தகரக் கூரையில் விழும் மழைதான். ஒரு வார்த்தை பிடிபடாது. கொஞ்சம் மெதுவாக வைக்கக் கூடாதா என்று கேட்டால், "நீங்க பேசறதை விட இது மெதுவுதான்" என்று என்னையே வாரிவிடுவாள். எங்களுக்குப் புரியாது என்பதால் அவள் ஹெட்ஃபோன் போடுவதில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் படிப்பாள்.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து, அவள் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸில் சவுண்ட் சர்வர் என்று எதையோ ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒரே ஸ்பீக்கருக்கு நாலு புரோகிராம் அடித்துக்கொண்டால், எல்லாவற்றின் சத்தத்தையும் வாங்கிக் கலந்து அனுப்புவது அதன் வேலையாம். அதுவரை குரல் வாசித்தால் வேறெதுவும் கேட்காது. வேறெதுவும் கேட்டால் குரல் வாயை மூடிக்கொள்ளும்.

"இப்ப எதுக்கு இந்தப் பாடு?" என்றேன்.

"பாட்டு கேட்டுக்கிட்டே மெயில் பாக்கலாம்ல" என்றாள். நானும் நம்பித் தொலைத்தேன்.

சாப்பாடு முடிந்ததும் என் வீட்டுக்காரர் டிவியைப் போட்டார். முந்தின நாள் படம் பார்ப்பதற்காகத் தங்கை கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு ஒயர் இழுத்தவர், அதைப் பிடுங்காமல் விட்டிருந்தார். சேனல் மாற்ற ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது டிவி பேசியது.

"உள்பெட்டி. புதிய அஞ்சல் ஒன்று."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே குரல்தான். ஆனால் நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் சொல்வது மாதிரி. புது சர்வர் சத்தத்தை டிவிக்குத் திருப்பிவிட்டிருக்கிறது. வாசிக்கும் வேகமும் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கிறது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நிமிஷம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவள் அறை பின்பக்கம். வாஷிங் மெஷின் வேறு அந்தப் பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது. டிவி பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. சத்தம் செத்துப்போய்விட்டது என்று நினைத்து, கைக்குக் கிடைத்த பட்டனை எல்லாம் தட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஹாலில் ஒரு மெயில் திறந்தது.

"இறுதி நேர்காணல், இணையம் வழியாக, இன்று மூன்று மணி. தொலைபேசி உதவி மையம். தேர்வானால் அடுத்த மாதம் விடுதியில் வந்து சேர வேண்டும்."

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்தது அங்கே வேலை பார்க்கும் தோழிக்கு அவள் எழுதியது.

"வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நான் இல்லாமல் அண்ணாவால் இருக்க முடியாது. அதைத்தான் அவர் மாற்றி, 'அவளால் தனியாக இருக்க முடியாது' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. தலைவலி என்றால்கூட முதலில் என்னிடம்தான் சொல்வாள். இதை மட்டும் எப்படி மறைத்தாள்?

"அண்ணி, சத்தமே வரலை. கொஞ்சம் வந்து ஸ்க்ரீன்ல என்ன இருக்குன்னு படிங்களேன்" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. நான் எழுந்தேன். இவர் என் கையைப் பிடித்தார்.

"சும்மா இரு. மூணு மணி தாண்டட்டும்."

இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை அன்றைக்குத்தான் முதல்தடவை பார்ப்பதுபோல் பார்த்தேன். தங்கைக்குத் தட்டில் சோறு பிசைந்து கொடுத்தவர், ரோட்டில் அவள் கையை ஒரு நாளும் விடாதவர். "உங்க வாயிலேர்ந்தா இது வருது?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் கையை எடுத்தார். டிவி அடுத்த வரியை ஆரம்பித்தது. எழுந்து போய், பின்னால் கைவிட்டு ஒயரை ஒரே இழுப்பாகப் பிடுங்கினார். அதைக் கேட்கப் பிடிக்காமல் பிடுங்கினாரா, அவளுக்காகப் பிடுங்கினாரா என்று இன்றுவரை அவர் சொன்னதில்லை.

"வந்துடுச்சு அண்ணி" என்று உள்ளே சிரித்தாள். டிவி போனதும் சத்தம் தானாக அவள் ஸ்பீக்கருக்கே திரும்பியிருந்தது. உடனே வேகத்தைக் கூட்டினாள், பழையபடி மழை. நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போடாமல் அவள் அறை வாசலில் போய் நின்றோம். கொஞ்ச நேரத்தில் அந்த மழைக்கு நடுவே, நேர்காணல் நடத்தும் ஒரு பெண்ணின் குரலும் கேட்டது. இரண்டும் ஒன்றையொன்று அடிக்காமல் சேர்ந்தே வந்தன. காலையிலிருந்து அவள் பட்ட பாடு இதற்குத்தான்.

கடைசியில் அந்தப் பெண் கேட்டாள்: "வீட்ல சொல்லிட்டீங்களாம்மா?"

என் நாத்தனார் ஒரு பட்டனைத் தட்டி மழையை நிறுத்தினாள். "சொல்லிட்டேன் மேடம். எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

இவர் கையில் இன்னும் அந்த ஒயர் இருந்தது.

"பொய் சொல்றா பாரு" என்றார் மெல்ல.

"எங்க பொய்?" என்றேன். "நமக்குத்தான் தெரியுமே."